சோழமண்டலச் சீட்டியில் தைத்த ஐரோப்பிய கவுன்: அச்சிட்டதா, எழுதியதா, இலை ஏன் நீலம்?

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் 1770களின் பெண்கள் கவுன் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்கிறார். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்புப் பூக்கள், நீல இலைகள். பக்கத்தில் இருந்த பலகையில் துணி சோழமண்டலக் கரையில் செய்தது, தைத்தது இங்கிலாந்தில் என்று இருந்ததாம். ஓரிடத்தில் அச்சிட்ட துணி என்கிறார்கள், இன்னோரிடத்தில் கையால் வரைந்தது என்கிறார்கள். எது சரி? இலையை ஏன் நீலமாகப் போட்டார்கள்? அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இந்தியச் சீட்டிக்கு, அதாவது இப்படிப் பூப்போட்ட பருத்தித் துணிக்குத் தடை இருந்ததாமே, அப்புறம் எப்படி அதில் கவுன் தைத்தார்கள்?

சுருக்கமான பதில்: பெரும்பாலும் கையால் எழுதியது, அதாவது வரைந்தது. இலை முதலில் பச்சையாகத்தான் இருந்தது. தடை இருந்தது உண்மை, மீறினார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த மூன்றையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: துவைத்தாலும் போகாத நிறம். அருங்காட்சியகத்தில் நிற்கும்போது நம் கண் பூவின் அழகில் நின்றுவிடுகிறது. அந்தக் கவுனைப் போட்டவள் காசு கொடுத்தது அந்தச் சாயத்துக்காகவும்தான்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பூப்போட்ட உடை வேண்டுமென்றால் பட்டில் நெய்யலாம், அல்லது கம்பளி நூலால் பூத்தையல் போடலாம். இரண்டுமே விலை அதிகம், துவைக்கவும் முடியாது. துணியில் அச்சடிப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணெயிலோ பசையிலோ குழைத்த வண்ணத்தை மேலே ஒட்டுவார்கள்; தண்ணீர் பட்டால் போயிற்று. கம்பளிக்குச் சாயமேற்றுவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். பருத்தி மட்டும் அவர்களுக்கு மசியவில்லை. கம்பளி படிகாரத்தைச் சட்டென்று பற்றிக்கொள்ளும். பருத்தி அப்படியல்ல, அதைப் பழக்கித்தான் சாயத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பழக்கும் வித்தை மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நீண்ட கரையில் பல தலைமுறையாக இருந்தது.

அதை எப்படிச் செய்தார்கள் என்பது நமக்கு ஓரளவு நன்றாகவே தெரியும். அதற்குக் காரணம் பிரெஞ்சுக்காரர்களின் ஆர்வம் (உளவு என்றும் சொல்லலாம்). 1734 வாக்கில் புதுச்சேரிப் பக்கம் வந்த பொலியூ என்ற கடற்படை அதிகாரி, ஒரு துணி எழுதப்படுவதைக் கூடவே இருந்து பார்த்தார். பாரிஸில் இருந்த வேதியியலாளர் டூஃபே கேட்டுக்கொண்டதால் வந்த வேலை அது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். மொத்தம் 11 துண்டுகள். 1742இல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார், தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற துணி எழுதுவோரிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். கடுக்காய், சாயவேர் போன்ற பெயர்கள் அந்தக் கடிதத்தில் தமிழிலேயே வருகின்றன, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்.

வேலையின் வரிசை இது. வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கரைத்த எருமைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும்போது திரவம் ஊறிப் பரவாமல் தடுக்கும். பால் இல்லாவிட்டால் கோடு கோடாக நிற்காது, கசிந்துவிடும். காய்ந்த துணியை மரக்கட்டையால் தட்டித் தட்டிக் காகிதம் போல வழவழப்பாக்குவார்கள். பிறகு, ஊசியால் துளையிட்ட மாதிரிக் காகிதத்தை மேலே விரித்துக் கரித்தூள் முடிச்சால் ஒற்றுவார்கள். துணியில் புள்ளிகளாக விழும் உருவத்தைப் பார்த்துக் கலத்தால் கோடு இழுப்பார்கள். கலம் என்பது கூர்சீவிய மூங்கில் குச்சி. நுனிக்குச் சற்று மேலே துணியோ மயிரோ சுற்றிய உருண்டை இருக்கும். விரலால் அதை அழுத்த அழுத்தத் திரவம் நுனிக்கு இறங்கும்.

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். அந்தக் கலம் எழுதுவது நிறத்தை அல்ல. கறுப்புக் கோட்டுக்குப் பழைய இரும்பைப் புளித்த கஞ்சியிலோ வெல்லக் கரைசலிலோ ஊறப்போட்ட நீர். சிவப்புக்கு வெறும் படிகாரக் கரைசல். படிகாரத்துக்கு நிறமே கிடையாது. எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் பதிமுகச் சாயத்தைக் கலந்துகொள்வார்கள். இவற்றைத்தான் பாடப்புத்தகம் நிறமூன்றி என்கிறது. அப்புறம் முழுத் துணியையும் சாயவேர் கொதிக்கும் பானையில் போடுவார்கள். படிகாரம் பட்ட இடம் சிவப்பு, இரும்பும் படிகாரமும் கலந்து பட்ட இடம் ஊதா அல்லது அரக்கு, படிகாரம் நீர்த்துப் பட்ட இடம் இளஞ்சிவப்பு. ஒரே பானை, ஒரே வேர், இத்தனை நிறம். எதுவும் படாத இடத்திலும் லேசாகச் சாயம் ஒட்டியிருக்கும். சாணக் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் அது வெளுத்துவிடும். நிறமூன்றி பிடித்த நிறம் அசையாது. கவுன் துவைப்பைத் தாங்கியதன் ரகசியம் இதுதான்: கரையிலேயே பலமுறை துவைத்து, போக வேண்டிய நிறமெல்லாம் போன பிறகுதான் அது கப்பலேறியது.

சாயவேரை இம்பூறல் என்றும் சொல்வார்கள். கடலோர மணலில் வளரும் சிறு செடி, வேர் மெலிந்து நீளமாக இறங்கும். சுண்ணாம்புச் சத்துள்ள மணலில் வளர்ந்த வேருக்குச் சிவப்பு தூக்கலாக வரும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து வேருக்கு நல்ல பெயர் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக் கம்பெனி அந்த வேரைத் தோண்டுவதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம் சீமாட்டியின் உடையில் உள்ள சிவப்புக்காக மன்னார் மணலில் ஒருவர் குனிந்து வேர் கிளறியிருக்கலாம். எந்த அருங்காட்சியகப் பலகையும் அவரைச் சொல்வதில்லை.

நீலத்துக்கு வேறு வழி. அவுரிச் சாயம் நிறமூன்றி கேட்காது. ஆனால் அதைக் கலத்தால் எழுதவும் முடியாது. புளித்த தொட்டியில் துணியை முக்கி, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால்தான் நீலம் ஏறும். ஆகவே எங்கே நீலம் வேண்டாமோ அங்கெல்லாம் துணியின் இரு பக்கமும் மெழுகு பூச வேண்டும். வெள்ளைப் பின்னணிக் கவுன் துணி என்றால் கிட்டத்தட்ட முழுத் துணியையும் மெழுகால் மூடிவிட்டு இலைகளை மட்டும் திறந்து விடுவது என்று அர்த்தம். நீலம் தோய்க்க அதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். துணி அவர்களிடம் போய் வரும். திரும்பி வந்ததும் கொதிநீரில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, மறுபடி பால், மறுபடி காய்ச்சல், மறுபடி தட்டல். சிவப்பு இதழ்களுக்குள் மயிரிழை போல வெள்ளை நரம்புகள் ஓடும், பார்த்திருப்பீர்கள். அவையும் மெழுகுதான்: படிகாரம் பூசும் முன் இரும்பு முனைக் கலத்தால் உருகிய மெழுகை இழுத்தது. என்னைக் கேட்டால், சோழமண்டல வேலையின் உச்சம் அந்த நரம்புகள். இன்று சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் காளஹஸ்தியிலும் கலம் பிடித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த மெழுகுக் கோடு வழக்கொழிந்துவிட்டது. அண்மைக் காலத்தில் சிலர் அதை மீட்க முயல்கிறார்கள்.

இப்போது நீல இலைக்கு வரலாம். பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை. நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை. அந்த மஞ்சளைக் கடுக்காய்ப் பூ போன்றவற்றிலிருந்து எடுத்தார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் மேலே தீட்டுவது அது. சிவப்பைப் போல அது பானையில் கொதித்து வரவில்லை. வெயிலுக்கும் துவைப்புக்கும் முதலில் பலியானதும் அதுதான். இருநூற்றைம்பது வருடத்தில் மஞ்சள் போய்விட்டது, கீழே இருந்த நீலம் அப்படியே இருக்கிறது. சில கவுன்களில் மடிப்புக்குள்ளோ தையலுக்குள்ளோ வெளிச்சம் படாத இடத்தில் இலை இன்னும் பச்சையாக இருக்கும். ஆக, நீங்கள் பார்த்த நீல இலையை வரைந்தவர் நீலமாக நினைக்கவே இல்லை. மஞ்சள் பூக்களும் இருந்திருக்கலாம். அவை இன்று வெள்ளையாகத் தெரியும்.

சரி, அச்சா எழுத்தா? இந்தியாவில் மரக்கட்டை அச்சும் உண்டு. குஜராத்தில் அதுதான் பெருவழக்கு, விலையும் மலிவு. அங்கிருந்தும் ஐரோப்பாவுக்கு ஏராளமாகப் போனது. சோழமண்டலத்திலும் சாதாரண ரகங்களுக்குக் கட்டையைப் பயன்படுத்தியதுண்டு. உயர்ந்த ரகக் கவுன் துணிகள் எழுதியவை. அருங்காட்சியகப் பலகைகளில் குழப்பம் வரக் காரணம், பழைய ஆங்கிலச் சட்டங்களும் கணக்குப் புத்தகங்களும் தீட்டியது, அச்சிட்டது, சாயமிட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். சுங்க அதிகாரிக்கு வித்தியாசம் முக்கியமில்லை.

பூ வடிவங்கள் யாருடையவை என்பது தனிக் கதை. 1643இலேயே லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: நீங்கள் அனுப்பும் போர்வைகளில் சிவப்புப் பின்னணி அதிகம், இங்கே விலைபோகவில்லை, வெள்ளை அதிகமாக விட்டு நடுவில் கொடியும் பூவும் போடச் சொல்லுங்கள் என்று. பிற்பாடு மாதிரிகளே கப்பலில் வந்தன. பிரான்சின் லியோன் நகரப் பட்டு நெசவின் பூங்கொத்து, ஆங்கிலப் பூத்தையலின் வளைந்த இலை, சீனப் பாறைகள், பாரசீகக் கொடி எல்லாம் இங்கே வந்து, ரோஜாவை நேரில் கண்டிராத கையால் எழுதப்பட்டுத் திரும்பிப் போயின. ஒரு மாதிரி லண்டனிலிருந்து கிளம்பி, துணியாகித் திரும்பிச் சேர ஏறக்குறைய இரண்டு வருடம். அதற்குள் நாகரிகம் மாறிவிடும் அபாயமும் உண்டு. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் கம்பெனிகள் கைவினைஞர்களைக் கோட்டைக்குப் பக்கத்தில் குடியமர்த்தப் பார்த்தன. 1734இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியது நெசவாளர், துணி எழுதுவோர், வெளுப்போர் ஆகியோருக்காகத்தான். இன்று அங்கே மீன் மார்க்கெட்டுக்கும் கூவத்துக்கும் நடுவே நடக்கும்போது இது யாருக்கும் நினைவுக்கு வராது.

தடைக்கு வருவோம். துவைக்கக்கூடிய, எடை குறைந்த, பளிச்சென்ற துணி வந்தால் பட்டு நெய்பவரும் கம்பளி நெய்பவரும் என்ன செய்வார்கள்? பிரான்ஸ் 1686இல் முந்திக்கொண்டது. இறக்குமதி மட்டுமல்ல, உள்நாட்டில் அச்சடிப்பதும் தடை. 1759 வரை, 73 வருடம் அது நீடித்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம் போட்டது. இந்தியா, பாரசீகம், சீனா ஆகிய இடங்களிலிருந்து வரும் வண்ணத் துணிகளை உள்நாட்டில் உடுத்தக் கூடாது. மறு ஏற்றுமதிக்கு மட்டும் கொண்டுவரலாம். இதில் ஓட்டை இருந்தது: வெள்ளைத் துணியாகக் கொண்டுவந்து லண்டனிலேயே அச்சடித்தார்கள். 1719இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி கவுன் போட்ட பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலம்கூட வீசினார்கள். வயிற்றுப்பாட்டுக் கோபம் புரிகிறது. ஆனால் கம்பெனிப் பங்குதாரர் வீட்டுக்குப் போகாமல் தெருவில் போன பெண்கள் மேல் பாய்ந்ததை நியாயப்படுத்த முடியாது. 1721இல் அடுத்த சட்டம் வந்தது. 1722 கிறிஸ்துமஸ் நாளிலிருந்து வண்ணம் அச்சிட்ட பருத்தியை உடுத்தவே கூடாது. உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். அன்றைக்கு ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வருடச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகை அது.

1736இல் பருத்தியும் லினனும் கலந்த துணியில் அச்சடிக்க அனுமதித்தார்கள். 1774இல் பிரிட்டனில் நூற்று, நெய்து, அச்சடித்த முழுப் பருத்தியும் அனுமதி பெற்றது. அடையாளமாகத் துணியின் ஓரக் கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும். இந்தியச் சீட்டிக்கான தடை மட்டும் அப்படியே இருந்தது. 1775இல் நாடக நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்குக் கல்கத்தா வணிகர்கள் அன்பளிப்பாக அனுப்பிய சீட்டிப் படுக்கைத் திரைகளைச் சுங்கத்தார் பிடுங்கிக்கொண்டார்கள். நாடே கொண்டாடிய நடிகர், அதிகாரிக்குக் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் திரைகள் இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆக, 1770களில் இங்கிலாந்தில் தைத்த சோழமண்டலக் கவுன் என்றால் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, கடத்தல்: நெதர்லாந்தில் இதற்குத் தடையே இல்லை, கடலைத் தாண்டினால் சரக்கு, கம்பெனிக் கப்பல் மாலுமிகளும் அதிகாரிகளும் சொந்தக் கணக்கில் கொண்டுவந்ததும் உண்டு. இரண்டு, அம்மாவின் பழைய கவுனைப் பிரித்து மறுபடி தைத்தது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அன்றைய கவுன் தையல் நம் ரவிக்கை போல அளவெடுத்து வெட்டிச் செய்வது குறைவு. முன்பக்கம் திறந்திருக்கும், நடுவே அதே துணியிலோ வேறு துணியிலோ பாவாடை தெரியும்படி இருக்கும். முதுகில் துணியை மடிப்பு மடிப்பாக எடுத்து இடுப்பு வரை தைத்து, அதற்குக் கீழே அந்த மடிப்புகளையே விரித்துவிடுவார்கள். முழங்கை வரை கை, உள்ளே லினன் உள்துணி, முன்னால் பொத்தானுக்குப் பதில் பெரும்பாலும் குண்டூசி. உடம்பின் மேலேயே துணியைப் போட்டு மடித்துக் குத்தி உருவம் கொண்டுவருவார்கள். துணிதான் விலை, தையற்கூலி அற்பம். ஆகவே வெட்டுவதில் அவ்வளவு கஞ்சத்தனம். மடிப்பைப் பிரித்தால் துணி மறுபடி துணியாகக் கிடைத்துவிடும். 1740களின் சீட்டி 1780களின் பாணியில் மாற்றித் தைக்கப்பட்ட கவுன்கள் பல அருங்காட்சியகங்களில் உண்டு. உற்றுப் பார்த்தால் பழைய தையல் துளைகள், ஒட்டுப்போட்ட கையில் பொருந்தாமல் நிற்கும் பூ, ஓரத்தில் தலைகீழாக ஒரு கொடி எல்லாம் தெரியும். நாற்பது வருடம் உடுத்தி, துவைத்து, மறுபடி தைத்த துணியில் சிவப்பு மங்கவில்லை என்றால் அதன் விலை நியாயமானதுதான்.

ஒன்று மட்டும் தாங்காது: பளபளப்பு. அரிசிக் கஞ்சி போட்டுத் தட்டி, சங்கு போன்ற வழவழப்பான ஒன்றால் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு முதல் துவைப்பிலேயே போய்விடும். பளபளப்பு இன்னும் இருக்கும் கவுன், அதிகம் துவைக்கப்படாத கவுன்.

சீமாட்டிகள் மட்டும் உடுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் 1741இல் தொடங்கிய ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில், குழந்தையை விட்டுச்சென்ற தாய்மாரின் அடையாளமாகப் பதிவேட்டில் குத்திவைத்த துணித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் இன்னும் இருக்கின்றன. ஏழைப் பெண்களின் உடையிலிருந்து வெட்டியவை அவை. பூ அச்சிட்ட துணி அவற்றில் நிறைய. ஆனால் அவை பெரும்பாலும் லினனிலும் கலப்புத் துணியிலும் இங்கிலாந்திலேயே அச்சிட்ட நகல்கள். சோழமண்டலத்தின் ரசனை கீழ்வரை இறங்கிவிட்டது, சோழமண்டலத்தின் துணி இறங்கவில்லை.

நெதர்லாந்தில் கதை வேறு. ஃப்ரீஸ்லாந்தின் ஹிண்டலோபன் என்ற சிறு துறைமுகத்தில் மாலுமிகளின் குடும்பத்துப் பெண்கள் வெண்ட்கே என்ற நீண்ட மேலங்கியைச் சீட்டியில் தைத்து உடுத்தினார்கள். விழாவுக்குச் சிவப்புச் சீட்டி, துக்கக் காலத்துக்கு நீலமும் வெள்ளையுமான சீட்டி. வெளியூர் நாகரிகமாக வந்த துணி அங்கே ஊர்வழக்க உடையாகவே ஆகிவிட்டது.

முடிவு நகலெடுத்தவர்கள் கையில்தான் வந்தது. 1760இல் ஓபர்காம்ஃப் என்பவர் பிரான்சில் வெர்சாய்க்குப் பக்கத்தில் ஷூயியில் அச்சுப் பட்டறை தொடங்கினார். 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். நூற்பு இயந்திரங்களும் சேர்ந்துகொள்ள, வாரக்கணக்கில் கையால் எழுதும் துணி விலையில் போட்டியிட முடியவில்லை. நூற்றாண்டின் கடைசியில் வெள்ளை மஸ்லின் கவுன் நாகரிகமாக வந்ததும் பூச்சீட்டியின் காலம் ஐரோப்பாவில் முடிந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு கவுனைப் பார்க்கும்போது அது இங்கே எழுதியதா அங்கே அச்சிட்டதா என்று நீங்களே ஓரளவு சொல்லலாம். ஒரே பூவை இரண்டு இடத்தில் ஒப்பிடுங்கள். அச்சு என்றால் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். எழுத்து என்றால் கோட்டின் தடிமனாவது மாறும். நீலப் பரப்பில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் அது மெழுகு வெடித்த தடம், இந்திய வேலை. பூவின் நிழல் பகுதியில் சீரான சிறு புள்ளிகள் நிறைந்திருந்தால், கட்டையில் பித்தளை ஊசி அடித்துச் செய்த ஐரோப்பிய அச்சாக இருக்கும். துணியின் பின்பக்கம் படம் கிடைத்தால் இன்னும் நல்லது: எழுதிய சீட்டியில் பின்பக்கமும் நிறம் நன்றாக ஊறியிருக்கும், சிலவற்றில் கம்பெனி முத்திரைகூட இருக்கும்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் தவிர, நெதர்லாந்தின் லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகம், டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் ஆகியவற்றில் நல்ல தொகுப்புகள் உண்டு. இந்தியாவுக்குள் என்றால் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பொலியூவின் குறிப்பேடு பாரிஸில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது.